மடங்கும் சக்கரத்துக்கு டயர் மாற்றுகிறீர்களா? முதலில் ட்யூபைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள வர்ஜீனியா விமான நிலையத்தில் சின்ன விமானம் வைத்திருக்கும் நம்மவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அதனால் டயர், பிரேக், பேரிங் பற்றியெல்லாம் நமக்குள் தமிழில் பேசிக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் சிலர் கூட்டாக வைத்திருக்கும், சக்கரங்கள் உள்ளே மடங்கும் பைப்பர் ஆரோ விமானத்தின் இடது மெயின் டயர் (இறக்கைக்கு அடியில் இருப்பது) ஜொகன்னஸ்பர்க் பக்கத்தில் தரையிறங்கும்போது வெடித்தது. அதன்பின் வாரக்கணக்கில் அலைந்தேன். கேட்க யாரும் இல்லாமல் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஆரோ, மூனி, போனான்சா, செஸ்னா 182ஆர்ஜி, 210 என்று எது வைத்திருந்தாலும் இதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் விமானத்தின் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை வெடிப்புக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிட்டது. இடது டயரின் வெளி ஓரம் மொழுமொழுவென்று வழித்தெடுத்தது போல் இருந்தது. உள் ஓரத்திலோ பள்ளங்கள் நன்றாகவே மிச்சம். தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தால் டயர் நிறையச் சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நிமிர்ந்து நின்றால் காற்று குறைவு. இந்த இரண்டில் குறைவுதான் ஆபத்து, ஏனென்றால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து உள்ளே சூடேறி நைலான் இழைகளைப் பலவீனப்படுத்தும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே ஓரம் தேய்ந்து, கையால் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் அரம் போல் பிடித்தால் சக்கரம் நேராக ஓடவில்லை, அலைன்மென்ட் போய்விட்டது. ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்ந்திருந்தால் யாரோ பிரேக்கை மிதித்தபடியே தரையைத் தொட்டிருக்கிறார்கள். எந்த இடத்திலாவது பள்ளத்தின் அடிவரை தேய்ந்துவிட்டால் டயரைக் கழற்ற வேண்டும். இழை கண்ணுக்குத் தெரிந்தால் அந்த விமானம் அன்றைக்குப் பறக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து உடல் நன்றாக இருக்கும் டயரை ரிம்மில் திருப்பிப் போட்டு ஓட்டலாம். ஆனால் அதைச் செய்யும்போதே ஏன் ஒரு பக்கம் தேய்ந்தது என்றும் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஓரமும் அதே வேகத்தில் போய்விடும்.

ஒரு பட்டறையில் விட்டோம். புது டயர் போட்டுக் கொடுத்தார்கள். பில்லில் டயர் ஒன்று, கூலி இவ்வளவு என்று இருந்தது. ட்யூப் என்ற வரியே அதில் கிடையாது. அலைன்மென்ட் பார்த்ததாகவும் இல்லை, கியரை, அதாவது சக்கரமும் அதைத் தாங்கும் காலும் சேர்ந்த அமைப்பை, மடக்கிப் பார்த்ததாக லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) ஒரு சொல்லும் இல்லை. இந்த மூன்று விடுபடலும் சேர்ந்துதான் பின்னால் எங்களை வதைத்தன. நீங்கள் பட்டறையிலிருந்து விமானத்தை எடுக்கும்போது இந்த மூன்றையும் எழுத்தில் தேடுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

வெடித்தது ஒரு கோடைப் பிற்பகலில். ரன்வேயின் நடுவில் இடப்பக்கம் 'தட்' என்று ஒரு சத்தம், உடனே விமானம் இடதுபுறம் இழுக்க ஆரம்பித்தது. நெஞ்சு அடைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எதிர்ப்பக்க ரடர் (வாலில் திசை திருப்பும் பலகை) முழுசாக, ஏலரானை (இறக்கை ஓரத்தில் விமானத்தைச் சாய்க்கும் பலகை) நல்ல டயர் பக்கம் சாய்த்து வெடித்த சக்கரத்தின் மேல் பாரத்தைக் குறைப்பது, பிரேக்கை நல்ல பக்கத்தில் மட்டும் மெதுவாகத் தொடுவது, எஞ்சினை ஐடிலுக்கு (மிகக் குறைந்த வேகத்துக்கு) கொண்டுவருவது. நின்ற பிறகு ஒரு அடிகூட டாக்சி செய்யக் கூடாது, அதாவது எஞ்சின் பலத்தில் தரையில் ஓட்டக் கூடாது. ரப்பர் போன டயரின் மேல் ஓடினால் ரிம் தரையில் உரசும். அப்புறம் டயர் விலை ஒரு பொருட்டே இல்லை, சக்கரமும் பிரேக் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். நின்ற இடம் ரன்வே என்பதால் ரேடியோவில் உடனே சொல்லுங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத திடலாக இருந்தால் அந்த அலைவரிசையில் பறந்துகொண்டிருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இதே வெடிப்பு கிளம்பும்போது நடந்திருந்தால் விஷயமே வேறு. கிளம்பி ஓடும்போது சக்கரப் பக்கம் ஒரு அடி விழுந்தது போல் சத்தமோ அதிர்வோ தெரிந்து, நிறுத்த இடமில்லாமல் மேலே போக நேர்ந்தால் கியரை மடக்கவே மடக்காதீர்கள். கிழிந்த டயர் தன் அளவில் இருக்காது. கியர் மடங்கி உட்காரும் குழிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் திரும்ப இறங்காது. தொங்கும் ரப்பர்த் துண்டு சுழன்று அடித்தால் உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் குழாயும் வயரும் அறுந்து போகும். ஆரோவில் கியரை மேலே பிடித்து வைத்திருப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே, அழுத்தம் போனால் தன் எடையிலேயே இறங்கி விடும் என்று நாம் நிம்மதியாக இருப்போம். சிக்கிய டயருக்கு அந்த நியாயம் செல்லாது. கியர் தொங்கியபடியே மெதுவாகச் சுற்றி வந்து, நீளமான ரன்வேயில் இறங்குங்கள்.

ரன்வேயிலிருந்து நகர்த்துவதிலும் ஒரு சங்கடம். அங்கே இருந்தவர்கள் நல்ல மனசோடு ஓடிவந்து ஆளுக்கு ஒரு இடத்தைப் பிடித்தார்கள். ஒருவர் வாலில் இருக்கும் எலிவேட்டர் பலகையைத் தூக்கப் போனார், ஒருவர் புரொப்பெல்லரைத் தள்ளப் போனார். இரண்டும் கூடாது. இறக்கையின் முக்கியச் சட்டத்துக்கு அடியில் முதுகைக் கொடுத்து அந்தப் பக்கத்தை உயர்த்தி, வெடித்த சக்கரத்துக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் வைத்த தட்டு ஒன்றைத் தள்ளினோம். பிறகு மூக்குச் சக்கரத்தில் டோ பார் (இழுக்கும் தண்டு) மாட்டி, திருப்புகிற எல்லையைத் தாண்டாமல் மெல்ல இழுத்தோம். மூனிக்காரர்கள் இந்த எல்லையை ரொம்பவே கவனிக்க வேண்டும், அதைத் தாண்டி இழுத்தால் மூக்குக் கியரின் குழாய்ச் சட்டம் நசுங்கும்.

அன்று இரவே டர்பன் பக்கத்து டோங்காட்டில் இருக்கும் ஒரு மூத்த ஏஎம்ஈக்கு (விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கு) போன் போட்டேன். இப்போது ஓய்வில் இருக்கிறார், நம்ம ஊர்க்காரர், குடும்பத்துக்கே தெரிந்தவர். "அண்ணா, புது டயர் இப்படிப் போகுமா?" என்றேன். "டயரை விடு தம்பி. ட்யூபை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார். மடிப்பு இருக்கும்" என்றார். மறுநாள் பிரித்தபோது அப்படியே இருந்தது. பழைய ட்யூபையே புது டயருக்குள் திணித்திருந்தார்கள். ஓடிய ட்யூப் நிரந்தரமாக விரிந்துபோகும், புதிதில் இருந்ததைவிட 25 சதவீதம் வரை பெரிதாகிவிடும். புது டயரோ இன்னும் விரியாதது, உள்ளளவு சிறியது. பெரிய ட்யூபைச் சின்ன இடத்தில் அடைத்தால், அகலமான வேட்டியைச் சின்னப் பெட்டிக்குள் திணித்தது போல், எங்காவது மடிந்துதான் உட்காரும். அந்த மடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் தன்னைத்தானே உரசி மெலிந்து ஒருநாள் பிளக்கும். எங்கள் ட்யூபில் பிளவு மடிப்பின் வரி மேலேயே ஓடியிருந்தது. டயரின் உள்பக்கம் தயாரிப்பாளர் ஒட்டிய காகித லேபிளும் அப்படியே இருந்தது. அதன் விளிம்பும் ட்யூபை அறுக்கும், எடுத்துவிட வேண்டியது. புது டயருக்குப் புது ட்யூப் என்பதில் பேரமே கூடாது.

அடுத்து டயர் தேடும் படலம். ஆரோவின் மெயின் சக்கரம் 6.00-6, மூக்குச் சக்கரம் 5.00-5. இங்கேதான் முதல் பொறி. 6.00-6 என்பதும் 15×6.00-6 என்பதும் ஒரே 6 அங்குல ரிம்மில் உட்காரும், பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் முதலாவதன் வெளிவிட்டம் சுமார் பதினேழரை அங்குலம், இரண்டாவது 15 அங்குலம்தான். 182ஆர்ஜி, 177ஆர்ஜி, 172ஆர்ஜி மெயின்களில் இந்தச் சின்னது வரும். அவற்றில் பெரியதைப் போட்டால் குழிக்குள் போகாது. ஆரோவில் சின்னதைப் போட்டால் புரொப்பெல்லருக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி மாறும். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் குறிக்கும் பிளை ரேட்டிங்கும் கையேடு சொல்வதற்குக் குறையக் கூடாது. கூடுதலாகப் போட்டால் என்ன என்பார்கள். பக்கச்சுவர் விறைப்பாகும், எடை கூடும், சில நேரம் அகலமும் கூடும், அகலம்தான் மடங்கும் கியரில் உயிர்நாடி. டயரில் டிஎஸ்ஓ-சி62 (விமான டயருக்கான அமெரிக்கத் தர அளவு) என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வெளியீட்டுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள், அமெரிக்காவிலிருந்து வந்தால் அது 8130-3 படிவம். தொடர் எண்ணின் தொடக்கத்திலேயே தயாரித்த நாள் இருக்கும்: குட்இயர், மிஷலின் டயர்களில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. வருடக்கணக்கில் வெயிலிலும் மின்மோட்டார் பக்கத்திலும் கிடந்த டயரை வாங்காதீர்கள், ஓசோன் ரப்பரில் விரிசல் விழச் செய்யும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கியிருந்தால் அடியில் இருந்ததை எடுக்காதீர்கள்.

விமானம் நின்ற ஜொகன்னஸ்பர்க் பட்டறையில் கையிருப்பில் இருந்தது ரீட்ரெட் செய்த, அதாவது பழைய டயரின் மேல் புது ரப்பர் ஏற்றிய, ஒரு 6.00-6. ரீட்ரெட் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓரங்கள் கனமாக இருக்கும், பயிற்சிப் பள்ளிகளில் நன்றாக உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒருமுறை விரிந்த உடலின் மேல் புது ரப்பர் ஏற்றுவதால் புது டயரைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு. நிலையான சக்கரம் உள்ள செரோக்கிக்கு அது பிரச்சினையே இல்லை. மடங்கும் கியருக்கு அதைச் சோதிக்காமல் பறக்கக் கூடாது. அதைப் போட்டுச் சோதிக்கலாம் என்று முடிவு செய்தோம்.

பொருத்தும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் நின்று பார்க்கவாவது இது தெரிந்திருக்க வேண்டும். விமானம் காற்று வீசாத ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகைக்குள்) இருக்க வேண்டும். கியர் லிவர் கீழே, மாஸ்டர் சுவிட்ச் அணைத்து, கியர் பம்பின் சர்க்யூட் பிரேக்கரையும் இழுத்து விடுங்கள். இரண்டு இறக்கை ஜாக்கிப் புள்ளிகளிலும் ஜாக்கி வைத்து, வாலில் கையேடு சொல்லும் எடையைக் கட்டிய பின்பே தூக்க வேண்டும். வால் எடை இல்லாமல் தூக்கினால் மூக்கு குத்தி விழும். சக்கரத்தைத் தொடும் முன் காற்றை முழுவதும் இறக்குங்கள். முதலில் மெதுவாக, பிறகு வால்வு கோரையே (வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ஊசியை) கழற்றி விடுங்கள். முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள், கோர் குண்டு போலப் பாயும். காற்று உள்ளே இருக்கும்போது ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்த்துவது உயிரோடு விளையாடுவது. காற்று இறங்கிய பிறகு பிரேக்கின் பின்தகட்டு போல்ட்டுகளைக் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பிறகு மூடி, காட்டர் பின், அச்சு நட்டு, சக்கரம். பேரிங்கைத் துணியில் சுற்றி வையுங்கள், தூசி படக் கூடாது.

டயரை ரிம்மிலிருந்து பிரிக்க ஸ்க்ரூடிரைவரை நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் பின்னால் விரிசலாகும். ரிம் ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் தானே விடும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ரிம் பிரிந்ததும் போல்ட் துளைகளைச் சுற்றியும், பேரிங் கோப்பையின் அருகிலும், டயர் உட்காரும் வளைவிலும் விரிசல், அரிப்பு தேடுங்கள். வர்ஜீனியாவில் நிற்கும் விமானங்களுக்கு இது கட்டாயம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்பு காற்றோடு வந்து உட்காரும், டயர் மூடிய இடத்தில் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். பேரிங்கில் ஏற்கெனவே இருப்பது எந்த வகை கிரீஸ் என்று தெரியாமல் புதியதை அதன் மேல் அடைக்காதீர்கள். களிமண் அடிப்படையிலானதும் சோப்பு அடிப்படையிலானதும் கலந்தால் இளகி வெளியே ஓடிவிடும். முழுசாகக் கழுவிக் காய வைத்துப் புதிதாக அடையுங்கள்.

டயரின் உள்ளே துடைத்து, லேபிள் எடுத்து, டால்க் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள், ட்யூபின் மேலும் தூவுங்கள். ட்யூபை உருண்டு வரும் அளவுக்கு மட்டும் ஊதி உள்ளே வையுங்கள். டயரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், அது லேசான இடம். ட்யூபில் மஞ்சள் கோடு இருந்தால் அது கனமான இடம், இரண்டையும் நேருக்கு நேர் வையுங்கள். மஞ்சள் கோடு இல்லையென்றால் வால்வைச் சிவப்புப் புள்ளிக்கு நேராக. இது தப்பினால் மூக்குச் சக்கரம் உதறும். ரிம் பாதிகளைச் சேர்க்கும்போது ட்யூப் நடுவில் நசுங்குகிறதா என்று சுற்றிலும் பாருங்கள், சந்தேகம் வந்தால் பிரித்து மறுபடி. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, சக்கரத்தில் குறித்திருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். அந்த அளவு போல்ட்டின் காய்ந்த மரைக்கா எண்ணெய் தடவிய மரைக்கா என்பதையும் படியுங்கள். பிறகு பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்து, ரெகுலேட்டர் உள்ள குழாயால், பக்கச்சுவருக்கு நேராக நிற்காமல் காற்றடியுங்கள். ஓரம் உட்கார்ந்ததும் முழுக் காற்றையும் இறக்கி மறுபடி அடிக்க வேண்டும். இந்த இரண்டாவது தடவையைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள். ட்யூபில் இருக்கும் சுருக்கம் விரிந்து நேராவது அதில்தான்.

காற்றடித்த கையோடு சக்கரத்தை மாட்டிப் பறக்காதீர்கள். நைலான் உடல் முதல் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் நீளும், டயர் கொஞ்சம் பெரிதாகும், அழுத்தம் 5 முதல் 10 சதவீதம் இறங்கும். டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் சிக்கிய காற்று வெளியேறுவதாலும் கொஞ்சம் குறையும். இதைக் கசிவு என்று பயப்பட வேண்டாம், மறுபடி சரியான அளவுக்கு நிரப்புங்கள். அதற்குப் பிறகும் 24 மணி நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அது கசிவுதான். குழிக்குள் இடைவெளியைச் சோதிப்பதும் டயர் இப்படி நீண்ட பிறகே. முதல் மணி நேரத்தில் அளந்தது செல்லாது.

எங்கள் சோதனை இப்படி. டயரின் தரையைத் தொடும் பகுதியிலும் தோள்களிலும் பக்கச்சுவரிலும் சுண்ணாம்புக்கட்டியை நன்றாகப் பூசினோம். விமானம் ஜாக்கியில், பேட்டரி வலுவாக வெளிப்புற மின்சாரத்தோடு, ஆட்கள் தள்ளி நிற்க, கியரை மடக்கினோம். இறக்கிப் பார்த்தால் குழியின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று ஒன்று விழுந்திருந்தது. நின்ற சக்கரமே அங்கே உரசுகிறது. கிளம்பிய கையோடு மடக்கும்போது சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும், மைய விலக்கு விசையில் டயர் இன்னும் விரிந்திருக்கும், பிரேக் சூடும் சேரும். அந்த ரீட்ரெட்டைப் போட்டு பறந்திருந்தால் மேலே போன இடது சக்கரம் கீழே வருமா என்ற கேள்வியோடு டர்பன் வரை வந்திருப்போம். பட்டறைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, "கொஞ்சம் ஓடினால் தேய்ந்து சரியாகிவிடும்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சரியான டயரோடு இதே சோதனையைச் செய்யும்போது கியரின் அவசரக் கீழிறக்கத்தையும் சேர்த்துச் செய்யுங்கள், கியர் இறங்கியதைக் காட்டும் விளக்குகள் மூன்றும் எரிகின்றனவா, எச்சரிக்கை ஹாரன் ஒலிக்கிறதா என்றும் பார்த்து லாக்புக்கில் எழுத வையுங்கள்.

சரியான டயரும் ட்யூபும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. டாலர் விலை, கப்பல் இல்லாமல் விமானத்தில் வந்த செலவு, சுங்கம், அதுவரை ஹேங்கர் வாடகை, நான் பஸ்ஸில் டர்பனுக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கும் போய்வந்தது, இரண்டு தடவை ஜாக்கியில் ஏற்றிய கூலி எல்லாம் சேர்ந்து டயர், ட்யூபின் விலையைப் போல் பல மடங்கு ராண்ட் போனது. காசை விட அந்தத் தனிமைதான் கசப்பு. தெரியாத ஊரில், விமானம் மூன்று கால்களும் அந்தரத்தில் நிற்க, யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் இருந்த நாட்கள் அவை. அதனால் இப்போது எங்கள் கூட்டில் ஒரு புது 6.00-6 ட்யூபும் ஒரு 5.00-5 ட்யூபும் எப்போதும் இருப்பில் உண்டு. ட்யூப் எடையும் குறைவு, விலையும் டயரளவு இல்லை, டால்க் தூவி உறையில் போட்டுச் சாமான் பெட்டியில் வைத்துவிடலாம்.

மேட்டுநிலத்துக்கும் கடலோரத்துக்கும் பறப்பவர்கள் அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. கையில் பிடிக்கும் அழுத்தமானி சுற்றிலும் உள்ள காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். கடல் மட்டத்தில் சுற்றுக்காற்று 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஜொகன்னஸ்பர்க்கின் 5,500 அடி உயரத்தில் சுமார் 12. அங்கே கோடை மதியம் 30 டிகிரியில் 40 பிஎஸ்ஐ நிரப்பிவிட்டு டர்பனில் 25 டிகிரியில் அளந்தால் 36 சொச்சம்தான் காட்டும். டயரில் ஓட்டை இல்லை, ஆனால் பாரத்தைத் தாங்குவது அந்த 36-தான், ஆகவே டர்பனில் மறுபடி நிரப்பியாக வேண்டும். வெப்பநிலைக்குக் கணக்கு சுலபம்: 3 டிகிரி மாறினால் சுமார் 1 சதவீதம். பறந்து வந்து 3 மணி நேரமாவது ஆறிய பிறகே அளக்க வேண்டும், சூட்டில் அதிகம் காட்டுவதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. மேட்டுநிலத்தில் டயர் படும் பாடும் அதிகம். கோடையில் அங்கே காற்றின் அடர்த்தி 8,500 அடியில் இருப்பதுபோல் ஆகிவிடும். வேகமானியில் 70 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) காட்டித் தொட்டாலும் தரைமேல் உண்மை வேகம் 80-க்குப் பக்கம், டயரும் பிரேக்கும் விழுங்க வேண்டிய சக்தி ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல். நீளமான டாக்சி, நிறைய பிரேக் என்று சூடாக்கிவிட்டு உடனே கிளம்பி மடக்கினால் அந்தச் சூடு மூடிய குழிக்குள் போய் உட்காரும். கொஞ்சம் நின்று ஆற விட்டுக் கிளம்புங்கள்.

வீடு திரும்பியதும் முதலில் செய்தது அலைன்மென்ட். வெளி ஓரம் தேய்ந்தது சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்ததால். விமானத்தைச் சமதளத்தில் நேராக முன்னோக்கி உருட்டி நிறுத்த வேண்டும், பின்னால் தள்ளி நிறுத்தினால் கால்கள் பக்கவாட்டில் இறுகி நின்று பொய் சொல்லும். இரண்டு மெயின் சக்கரங்களுக்கும் முன்னால் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து, ஒவ்வொரு பிரேக் டிஸ்க்கிலும் மூலைமட்டத்தைப் பிடித்தால் விலகல் தெரியும். பைப்பரில் அதைத் திருத்துவது கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் டார்க் லிங்க்கின் மூட்டில் வாஷர்களை இடம் மாற்றி. எந்தத் தடிமன் எந்தப் பக்கம் என்று பராமரிப்புக் கையேட்டில் அட்டவணை உண்டு. மூட்டில் புஷ்ஷும் போல்ட்டும் தேய்ந்து ஆடினால் வாஷர் போட்டும் பயனில்லை, முதலில் அதை மாற்றுங்கள். அந்த ஒரு வேலைக்குப் பிறகு இடது டயர் வலதைப் போலவே சமமாகத் தேய்கிறது. முதல் டயர் மாற்றியபோதே இதைச் செய்திருக்க வேண்டியது.

இப்போது ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பார்ப்பது இவை. டயரின் பக்கச்சுவரிலிருந்து ரிம் வரை ஒரு அங்குல அகலத்தில் சிவப்புப் பெயின்ட் கோடு போட்டிருக்கிறோம். அது இரண்டாக விலகினால் டயர் ரிம்மில் நழுவுகிறது, ட்யூபும் கூடவே இழுபட்டு வால்வின் கழுத்தை அறுக்கப் போகிறது என்று அர்த்தம். புது டயர் முதல் சில தரையிறக்கங்களில் சற்று நகர்ந்து உட்காரும், அப்போது கோட்டைப் புதிதாகப் போடலாம். அதன்பின் நகர்ந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் காற்று குறைவுதான் காரணம். விமானத்தை அரைச்சுற்று முன்னே தள்ளி, அடியில் மறைந்திருந்த பக்கத்தையும் பார்க்கிறோம், வெட்டும் தேய்ந்த பட்டையும் தரையோடு ஒட்டிய பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். உள்நாட்டுப் புல்திடல்களில் இறங்கினால் நெருஞ்சி முள்ளும் வேலமுள்ளும் டயரில் ஏறியிருக்கும். ஆழமாகக் குத்திய முள்ளை அங்கேயே பிடுங்காதீர்கள், காற்று போய்விட்டால் திடலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எங்கே குத்தியது என்று சாக்பீஸால் வட்டம் போட்டு, அழுத்தத்தை அளந்து, காற்று நிற்கிறது என்று உறுதியான பிறகு அடுத்ததை முடிவு செய்யுங்கள். ஆயில், பெட்ரோல், ஹைட்ராலிக் திரவம் டயரில் சொட்டினால் சோப்புத் தண்ணீரில் உடனே கழுவ வேண்டும். ஹைட்ராலிக் திரவம் சொட்டுவதே தனிப் பிரச்சினை, அதை விட்டுவிட்டு டயரை மட்டும் கழுவாதீர்கள்.

டர்பன் மழைக்காலத்துக்காக ஒரு கணக்கு. நீரின் மேல் டயர் மிதந்து வழுக்க ஆரம்பிக்கும் வேகம், நாட் கணக்கில், டயரின் பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கியது. 30 பிஎஸ்ஐக்கு 49 நாட். சக்கரம் இன்னும் சுழலத் தொடங்காத தொடுநேரத்தில் 9-க்குப் பதில் 7.7, அதாவது 42 நாட் வேகத்திலேயே வழுக்கும். வர்ஜீனியாவின் ரன்வே 900 மீட்டர் சொச்சம்தான். நனைந்த நாளில் பள்ளம் தேய்ந்த டயரோடு அங்கே வேகமாகத் தொட்டால் முதல் பகுதி முழுவதும் பிரேக் வேலை செய்யாது, மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு காய்ந்த இடம் வந்ததும் ஒரே இடத்தில் தேய்ந்து போகும். குதிகால் தரையில், கால்விரல் பிரேக்கின் மேல் படாமல் தொடுங்கள், சக்கரம் சுழன்று பாரம் ஏறிய பிறகு மெதுவாகப் பிரேக் கொடுங்கள். பாரம் சீக்கிரம் ஏறட்டும் என்று ஓட்டத்திலேயே ஃபிளாப்பை (இறக்கையின் பின்னோரத்தில் இறங்கும் பலகையை) மடக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மடங்கும் கியர் விமானத்தில் அதை நான் செய்வதில்லை. ஃபிளாப் லிவருக்குப் பதில் கியர் லிவரில் கை போக ஒரு நொடி போதும், ஆகவே ரன்வேயை விட்டு வெளியே வந்து நின்ற பிறகே ஃபிளாப்.